சந்தனம் பூசிய கேமராக்கள்

பூங்கொடி மேடம் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் ஓட்டுநர் பழனிசாமி. நாக்பூர் தாண்டி வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழைத்தார். “வண்டியை அணைச்சுப்போட்டு கேபின்ல உக்காந்து அழுதுட்டிருக்கேனுங்க” என்றார். யார் கண்ணிலும் படாமல் அவர் அழ முடிந்ததே மேடத்தால்தான் என்பது, சங்ககிரி லாரி கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும், இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்த ஒருவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

லாரிகளில் கேமரா பொருத்தும் திட்டத்துக்கு நான் பொறுப்பாளர். மேடம் பணியாளர் பிரிவுக்குத் தலைவி. முதல் நாளே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். வாங்குவது, பொருத்துவது, சோதிப்பது என்று நான் போட்டிருந்த அட்டவணையில், ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஓட்டுநர்களிடம் என்ன பேச வேண்டும், யார் பேச வேண்டும் என்று சேர்க்கச் சொன்னார். “நீங்க கேமராவை மாட்டிருவீங்க. டிரைவருக்குச் சம்மதம் இல்லீன்னா வேலை முடிஞ்சதா ஆகாதுங்க.”

பொது மேலாளர், பெயர் வேண்டாம், அந்தப் பகுதியை மட்டும் அடித்துவிட்டார். மேடம் விடவில்லை. “மாசத்துல பாதி நாள் அவுங்க குடியிருக்கறது கேபின்லதானுங்க. ஒருத்தர் ஊட்டுக்குள்ள கேமரா வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணுமில்லீங்களா?” அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அந்த அலட்சியத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சொன்ன தேதியில் வேலை முடிந்தது. முதலாளி பொது மேலாளருக்குச் சால்வை போட்டார். அடுத்து ஆயுத பூஜை வந்தது. ஸ்டியரிங், டயர், கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்த ஓட்டுநர்கள் கேமராவுக்கும் வைத்தார்கள், கொஞ்சம் தாராளமாகவே. மறுநாள் அலுவலகத் திரை முழுக்க மஞ்சள். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கச் சொல்லப் பொது மேலாளருக்கே துணிவில்லை. நாட்கள் போயின, ஒருவரும் துடைக்கவில்லை. ஓட்டுநர்களைத் தூண்டிவிட்டது மேடம்தான் என்று பொது மேலாளர் முதலாளியிடம் போட்டுக்கொடுத்தார்.

மேடம் அதை மறுத்துக்கொண்டு நிற்கவில்லை. லோடு ஏற்றும் இடங்களுக்குப் போய், ஓட்டுநர்களோடு டீ குடித்தபடி கேட்டார். படுக்கும் பக்கம் கேமரா பார்க்கக் கூடாது, வண்டி நின்றால் அதுவும் நிற்க வேண்டும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான். விபத்து நடந்தால் தப்பு யார் மேல் என்று காட்டக் கேமரா உதவும் என்பதை மேடம் புரியவைத்தார். நான் கேமராக்களைச் சாலைப் பக்கம் திருப்பி, என்ஜினோடு சேர்ந்து அணையும்படி இணைப்பை மாற்றினேன். பழனிசாமிதான் முதலில் ஈரத்துணியை எடுத்தார். எங்கள் இருவர் வேலையும் ஒன்றாக நடந்த பிறகுதான் திட்டம் உண்மையில் முடிந்தது. அதற்குப் பரிசாக மேடத்தை நாமக்கல் கிளைக்குத் தூக்கியடித்தார்கள். “உடுங்க சாமி, வண்டி ஓடுதில்ல” என்று சிரித்தார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

இரங்கல் கூட்டத்தில் அந்த ஆள், அதே பொது மேலாளர், மேடத்தின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, தானும் மேடமும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் என்று பேச ஆரம்பித்தார். ஓட்டுநர்கள் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து அவர் பேசி முடித்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

போன வாரம் அவரே என்னை அழைத்தார். இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறார். லோடு பதிவையெல்லாம் செல்போனுக்கு மாற்றியிருக்கிறாராம். ஓர் ஓட்டுநர்கூட அதைத் தொடவில்லை. அங்குள்ள முதலாளி கெடு வைத்துவிட்டார். பூங்கொடி மேடம் செய்தது போல நான் வந்து ஆட்களிடம் பேசித் தர வேண்டுமாம். குரல் இறங்கியிருந்தது. முழுவதையும் பொறுமையாகக் கேட்டேன், ருசித்துக் கேட்டேன் என்றே சொல்லலாம்.

மேடம் இருந்திருந்தால் போயிருப்பார். அவருடைய வேலைமுறை முழுவதும் என்னிடம் இருக்கிறது. பயன்படுத்தப்போகிறவரைக் கேட்காமல் இன்றுவரை நான் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. மன்னிக்கிற குணம் மட்டும் எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம்.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க” என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.