சத்திரத்தில் சம்பந்தி சாப்பாடு

மோர்க்களி என்ற எண்ணம் எனக்கு வந்தது ஒரு கீரைச் சட்டியை எட்டிப் பார்த்தபோது. கொலார்ட் கீரை பச்சைப் பசேலென்று வெந்துகொண்டிருந்தது. நடுவில், குளத்தில் எருமை முதுகு தெரிவதுபோல், ஒரு பன்றிக்கால் எலும்பு.

"டுவெய்ன், இதை மெனுவில வெஜிடபிள்னு போட்டிருக்கே" என்றேன்.

"வெஜிடபிள்தானே. மேல பாரு, கீரை" என்றார் எங்கள் செஃப்.

"கீழ?"

"அது ருசிக்கு."

வெளியே ஜன்னலோர மேஜையில், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத சுத்த சைவச் சம்பந்திகள் உட்கார்ந்திருந்தார்கள்.

சர்வர் என்றால் எந்த சர்வர்

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஹோட்டல் நிர்வாகம் படித்தவள். அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் எங்கள் வீட்டைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் டெலிகாம், சாஃப்ட்வேர். அப்பாவிடம் யாராவது "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால், "சர்வர் சைடுல இருக்கா" என்பார். கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டி, க்ளவுடா என்று விசாரிப்பார். அப்பா பொய் சொல்லவில்லை. நான் தட்டு தூக்கும் சர்வர்.

தட்டு தூக்குவது ஒரு பழைய டாவர்னில். ஃப்ரீவேயை விட்டு இறங்கி வயல்களுக்கு நடுவே போனால் வரும். குதிரை வண்டிக் காலத்தில் பயணிகள் இரவு தங்கிச் சாப்பிட்டுப் போன செங்கல் கட்டடம். தரைப் பலகை இன்றும் கீச்சிடும். மெனுவும் அந்தக் காலத்து அமெரிக்கத் தெற்குச் சமையல்தான்: பொரித்த கோழி, கிரிட்ஸ் என்கிற சோளக் குருணைக் கஞ்சி, வெண்டைக்காய், காராமணி, சோள ரொட்டி. படித்துப் பார்த்தால் பாதி நம் வீட்டு மளிகை. அந்த ஆசையில்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன்.

சவுதர்ன் என்றால் எந்த சவுத்

மேஜையைப் புக் பண்ணியது நித்யா. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கார்த்திக்கைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள். இரண்டு பேரும் அடிக்கடி இங்கே வருவார்கள். கார்த்திக்கின் அப்பா அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். இரு வீட்டாரும் சேர்ந்து உட்காரும் முதல் சாப்பாடு.

எல்லோரும் வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நித்யாவின் அப்பா பாலு அங்கிள் மட்டும் உள்ளே ஓடி வந்தார்.

"நீ தமிழ்தானேம்மா? ஒரு ஹெல்ப். நித்யா என்கிட்ட ஹிஸ்டாரிக் டாவர்ன், சவுதர்ன் ஃபுட்னு சொன்னா. டாவர்ன்னா பார்னு நினைச்சுப்பாங்களேன்னு, நான் சம்பந்திகிட்ட பழைய சத்திரம்னு சொல்லி வெச்சேன். சவுதர்ன் சாப்பாடுன்னும் சொன்னேன்."

"சரிதானே அங்கிள்?"

"என்னத்த சரி. சம்பந்தியம்மா இப்பத்தான் கேக்கறாங்க, இலை போடுவாங்களான்னு."

நான் சிரிப்பை அடக்கினேன். அவர் அடக்க வேண்டிய நிலையில் இல்லை.

"சிரிக்காதம்மா. ஏற்கெனவே அவங்களுக்கு ஒரு குறை, பொண்ணுக்குத் தமிழ் வரலைன்னு. ஃபோன்ல எதைக் கேட்டாலும் இவ இங்கிலீஷ்லயே பதில் சொல்றா. இப்ப பசியோட எழுந்து போனாங்கன்னு வெச்சுக்கோ, என் பொண்ணுதான் கூட்டிட்டு வந்தான்னு காலம் பூரா பேச்சு நிக்கும்."

"கவலைப்படாதீங்க அங்கிள். எங்ககிட்ட வெஜிடபிள் பிளேட்னே ஒண்ணு இருக்கு" என்றேன், ரொம்பத் தெரிந்தவள் மாதிரி.

பிறகுதான் சமையலறைக்குள் போய் ஒவ்வொன்றாக விசாரித்தேன். கீரையில் எலும்பு. காராமணியில் பேக்கன், அதுவும் பன்றிதான். சோள ரொட்டிச் சட்டியில் பன்றிக் கொழுப்பு. வெண்டைக்காய் பொரிவது கோழி நீந்திய அதே எண்ணெயில். மிச்சம் மக்ரோனி, தெற்கில் அதுவும் காய்கறிக் கணக்கில்தான் சேர்த்தி; அதன் மேலும் பேக்கன் தூள்.

"கறியே போடாம ஒண்ணுமே இல்லையா?"

டுவெய்ன் யோசித்தார். "கிரிட்ஸ் இருக்கு. தண்ணி, உப்பு, வெண்ணெய். குழந்தைங்களுக்குக் குடுக்கறது."

அவர் பக்கத்தில் கோழி ஊறவைக்க வாங்கிய மோர், இன்னும் திறக்காத கேனில். குருணை, மோர், உப்பு. கும்பகோணத்துக்காரர்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

லைனுக்கு அந்தப் பக்கம்

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அடுப்பு வரிசையை லைன் என்போம். சர்வர் அதைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. ஆகவே நான் இந்தப் பக்கம் நின்று வாயால் சமைத்தேன்.

"கிரிட்ஸை மோர்ல வேக வைங்க."

"திரிஞ்சிடும். வெந்தப்புறம் இறக்கி ஊத்தறேன்."

"ஊறுகாய்க்கு வெச்சிருக்கற கடுகை எண்ணெய்ல போடுங்க. கூடவே பச்சை மிளகாய்."

"கிரிட்ஸ்லயா? எங்கம்மா பாத்தா அழுவாங்க."

"இது பழைய சவுதர்ன் பக்குவம், டுவெய்ன்."

"எந்த ஸ்டேட்?"

"இன்னும் கொஞ்சம் தெற்கே."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடுகை எடுத்தார். புதுச் சட்டியில், புது எண்ணெயில் வெண்டைக்காய் முறுகியது. மறுநாளுக்காக வெறும் தண்ணீரில் வேகவைத்திருந்த காராமணியும் தாளிப்பில் விழுந்தது.

தட்டுகளை வைத்துவிட்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னேன். "இது இந்தச் சத்திரத்தோட சவுதர்ன் ஸ்பெஷல்."

கார்த்திக்கின் அம்மா வசந்தா ஆன்ட்டி ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். பாலு அங்கிள் தண்ணீர் டம்ளரைத் தூக்கியவர் குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

"இது என்னம்மா?"

"கிரிட்ஸ், ஆன்ட்டி. சோளக் குருணை."

"மோர்க்களின்னு சொல்ல என்ன கூச்சம் உனக்கு?" என்றவர் இன்னொரு ஸ்பூன் எடுத்தார். "தாளிச்சது யாரு?"

"எங்க செஃப்."

"கடுகு வெடிக்கவே இல்ல. பல்லுல மாட்டுது. அவரைக் கொஞ்சம் வரச் சொல்லு."

பாலு அங்கிளின் டம்ளர் மேஜையில் ஓசையோடு இறங்கியது. டுவெய்ன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மொழிபெயர்க்க நான் வாயைத் திறப்பதற்குள் ஆன்ட்டி நித்யா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. கடுகு படபடன்னு வெடிச்சு அடங்கற வரைக்கும் பொறுக்கணும்னு சொல்லு."

நித்யா டுவெய்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்: கடுகு கத்திக் கூச்சல் போடும், அது கத்தி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள் என்கிறார்.

டுவெய்ன் தலையாட்டினார்.

"இவ்ளோ அவசரக்குடுக்கையா இருந்தா சமையல் எப்படி வரும்னு கேளு" என்றார் ஆன்ட்டி.

நித்யா ஒரு கணம் யோசித்தாள். பிறகு சிரித்த முகத்தோடு டுவெய்னிடம் ஆங்கிலத்தில் சொன்னது இது: உங்கள் கைக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறதாம், கொஞ்சம் நிதானம் சேர்ந்தால் போதுமாம்.

டுவெய்ன் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார்.

"நான் முப்பது வருஷம் பேங்க்ல வேலை பாத்தவம்மா" என்றார் ஆன்ட்டி. "எனக்கு இங்கிலீஷ் நல்லாவே தெரியும்."

நித்யாவின் முகம் சிவந்துவிட்டது. கார்த்திக் தட்டைப் பார்த்துக்கொண்டான். பாலு அங்கிள் எழுந்து ஏதோ சமாதானம் சொல்லப் போனார்.

"உக்காருங்க சம்பந்தி. அவசரக்குடுக்கைன்னா என்னன்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதை அந்த மனுஷன்கிட்ட சொல்லக் கூடாதுன்னும் தெரிஞ்சிருக்கு." ஆன்ட்டி தன் கணவரைக் கண்ணால் காட்டினார். "எங்க வீட்ல நானும் இவரும் பேசிக்கறதை நடுவுல நின்னு இப்படித் திருப்பிச் சொல்ல ஆளில்லாமத்தான் இத்தனை வருஷமா சண்டை. பதில் எந்த பாஷைல வந்தா என்ன?"

அவர் கணவர் முதல்முறையாக வாய் திறந்தார். "இன்னும் கொஞ்சம் களி இருக்கா?"

அன்று நான் கற்றுக்கொண்டது சின்ன விஷயம்தான். மெனுவில் உள்ளதைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேசுவதற்கு முன், சட்டியின் அடிவரை கரண்டி விட்டுப் பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் வாக்குக் கொடுத்துவிட்டால், அடுப்பில் நிற்பவரோடு நல்ல சிநேகம் இருக்க வேண்டும்.

டுவெய்ன் இப்போது கொஞ்சம் சூடு பிடித்திருக்கிறார். பச்சைத் தக்காளியை மாவில் தோய்த்துப் பொரிப்பதுதான் இங்கே வழக்கம். அதில் தொக்கு என்று ஒன்று செய்யலாம் என்றேன். ஒரு கூடை தக்காளியை ஒதுக்கி வைத்துவிட்டார். கூட்டம் குறைவான செவ்வாய் மதியம் முதல் சட்டி ஏறுகிறது. வீட்டிலிருந்து பெருங்காய டப்பாவைப் பைக்குள் பையாகக் கட்டி எடுத்துப் போகிறேன். அதைத் திறந்ததும் முன்ஹால்வரை போகப்போகும் வாசனைக்கு முதலாளியிடம் என்ன சொல்வது என்பது மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை.