ராணி போன வழி

நேற்று மாலை மழையில், மைசூரின் விஜயநகர்ப் பகுதிக்கு ஆட்டோ பிடித்தேன். சாலை முழுக்கத் தண்ணீர். "வழி தெரியுதாப்பா?" என்றேன். "தினமும் ஓடற ரோடு சார், கண்ணை மூடிட்டுப் போவேன்" என்றார் டிரைவர். அடுத்த முனையிலேயே இறங்கிவிட்டேன். மீதித் தூரத்தை நடந்து கடந்து, இன்று தும்மிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு.

சிரிக்கட்டும். அந்த ஆட்டோவில் ஈரச் சாக்கின் வாடை அடித்தது. எனக்கு அது ஜட்காவின் வாடை. மகாராஜா காலத்து மைசூரில் குதிரை வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்திருப்பார்கள். மழை பட்டால் கொள்ளுத் தீனியும் குதிரையும் கலந்த மணம் எழும். சிறுவயதில் எனக்கு அது பிடிக்கும்.

அப்பாவின் தங்கை ரோஸ் அத்தை பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளை மாலையில் வீடு சேர்ப்பது முனியப்பாவின் ஜட்கா. குதிரையின் பெயர் ராணி. பள்ளி விட்டதும் நானும் வழியில் ஏறிக்கொள்வேன். அத்தை கொஞ்சம் பருமன். வண்டி பின்பக்கம் சாயும். "சிஸ்டர் ஒருத்தரே ரெண்டு டிக்கெட்டு. தம்பி, நீ முன்னாடி வா" என்று முனியப்பா என்னைத் தன் பக்கத்தில் இருத்திக்கொள்வார்.

"உன் குதிரையைவிடக் கம்மியாத்தான் திங்கிறேன்" என்பாள் அத்தை.

மேட்டுத் தெருக்களின் மழைநீரெல்லாம் ஒரு கல் கால்வாயில் இறங்கும். பெரிய மோரி என்போம். எங்கள் வீடு அதற்கு வலப்புறம், மேட்டில். ராணியின் லாயம் இடப்புறம், மோரிக் கரையை ஒட்டி. ஒரு நாள் மதியம் பிடித்த மழையில், மாலை நாங்கள் ஜட்காவில் வருவதற்குள் மோரி நிரம்பித் தெருவோடு ஒன்றாகிவிட்டது.

"ரோடு எது, மோரி எதுன்னே தெரியலையே, முனியப்பா."

"எனக்கும்தான் தெரியலை சிஸ்டர். ராணிக்குத் தெரியும். நான் குடிச்சுட்டுக் கெடந்தாக்கூட வீடு சேர்த்துடுவா."

லகானைத் தளர விட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ராணி அறிந்த வீடு அதன் லாயம். இடப்புறம் திரும்பியது. அது தினமும் நடக்கும் கரை, தண்ணீருக்கடியில் இடிந்திருந்தது.

வண்டி சாய்ந்தபோது முனியப்பாவின் கை என் சட்டையைப் பற்றியது. அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தவன் நான்தான். "தம்பியைப் புடி" என்று பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் கீழ்க்கோடியில் அவளைக் கண்டெடுத்தார்கள். ராணி முந்தின மாலையே வீடு வந்துவிட்டது. வண்டியின் முறிந்த ஏர்க்கால் கழுத்துப்பட்டையில் தொங்க, லாயத்தில் கொள்ளுக்காக நின்றது. முனியப்பா அதை அடிக்கவில்லை. கொள்ளு வைத்தார். அதன்பின் அவர் வண்டி பூட்டவில்லை.

இப்போது ஜட்கா இல்லை, லாயம் இல்லை. மோரியைக் கற்பலகையால் மூடி, மேலே சாலை போட்டுவிட்டார்கள். நேற்று நான் இறங்கிய முனை அதுதான்.

"இங்க ஏன் சார் எறங்கறீங்க?" என்றார் டிரைவர். "இங்க ஒண்ணும் இல்லையே."