திரும்பி வந்த உறை

முப்பத்தெட்டு வருடம் ஊர்ப் பாற்கட்டி ஆலையில் பால் அளந்தவர் அலோயிஸ் போர்ட்மன். அளப்பதைவிடச் சந்தேகப்படுவதே அவருடைய முக்கிய வேலை. கேன் இறங்கியதும் பால்மானியை மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகு சோதிக்கப் பால் இல்லை. சந்தேகம் மட்டும் மிஞ்சியது.

முழங்கால் தேய்ந்ததிலிருந்து, ஆறு வருடமாக, தபாலில்தான் வாக்களித்து வந்தார். இந்த முறை ஊரைப் பக்கத்து ஊரோடு இணைப்பதா என்பது கேள்வி. வேண்டவே வேண்டாம் என்பவர் அவர். சனிக்கிழமை தபால் பெட்டியைத் திறந்தால், செவ்வாயன்று அனுப்பிய உறை ஒட்டியது பிரியாமல் அவர் வீட்டுக்கே வந்து கிடந்தது.

ஊராட்சி எழுத்தர் ஒட்டிலியா இணைப்பை ஆதரிப்பவள் என்பது ஊரறிந்தது. அவள் அப்பாவின் பாலில் ஒருமுறை தண்ணீரைக் கண்டுபிடித்தவரும் இவரே. வேறென்ன சாட்சி வேண்டும்?

ஞாயிறு பத்திலிருந்து பதினொன்று வரைதான் வாக்குச்சாவடி திறந்திருக்கும். சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஊன்றுகோலோடு இறங்கிப் போய், உறையை ஒட்டிலியா முன் போட்டார்.

"என்னம்மா, வேண்டாம்னு எழுதுறவன் கடுதாசியெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லிட்டியா?"

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்கெப்படித் தெரியும், மாமா?"

"தண்ணி கலந்தவன் பொண்ணுக்குத் தெரியாதாக்கும்!"

வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ரொட்டிக்கடைக்காரர் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். ஒட்டிலியா உறையைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்த வருஷம் புது உறை. உள்ள இருக்கிற வாக்காளர் அட்டையை, எங்க விலாசம் உறை ஜன்னல்ல தெரியற மாதிரி திருப்பி வெக்கணும். ஜன்னல்ல உங்க விலாசம் தெரிஞ்சா, தபால்காரர் உங்களுக்குத்தானே கொண்டாருவார்? படம் போட்டு ஒரு தாள் வெச்சிருந்தேனே?"

"அரசாங்கம் படம் போட்டு வெளக்குதுன்னா எதையோ மறைக்குதுன்னு அர்த்தம். அடுப்புல போட்டுட்டேன்."

அவரே உறையைக் கிழித்து அட்டையை எடுத்தார். ஒட்டிலியா அதைப் பார்த்தாள். கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது.

"இந்தத் தடவையும் கையெழுத்து போடலையா?"

"ஒரு தடவையும் போட்டதில்ல. சீட்டும் கையெழுத்தும் ஒண்ணா இருந்தா, நான் என்ன போட்டேன்னு தெரிஞ்சிடாதா?"

"சீட்டு தனியா சின்ன உறையில இருக்கு, மாமா. அட்டையை எடுத்து வெச்சிட்டு, அந்த உறையைப் பிரிக்காமத்தான் பெட்டியில போடுவோம். கையெழுத்து இல்லாட்டி பெட்டிக்கே போகாது. செல்லாது."

அலோயிஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வருடத்துக்கு மூன்று, நான்கு வாக்கெடுப்பு. ஆறு வருடம்.

"அத்தனையுமா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"ஏன் சொல்லல?"

"போன வருஷம் உங்க வீட்டுக்கே வந்தேன். கதவைத் திறக்காமலே, 'எதுவும் வாங்கறதில்ல, போ'ன்னீங்க. அதனாலதான் இந்தத் தாள். கையெழுத்து போடுற பேனா படத்தை அவ்வளவு பெரிசாப் போட்டதே உங்களை நெனச்சுத்தான்."

யாரோ கதவைத் தட்டியதும், தான் விரட்டியதும் அவருக்கு நினைவு வந்தது. சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பதைக் காட்டியது. உறை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால், இந்த வாக்கும் சத்தமில்லாமல் ஒதுக்கப்பட்டிருக்கும்.

ஒட்டிலியா பேனாவை நீட்டினாள். அவர் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார்.

"வேண்டாம்னுதான் போட்டிருக்கேன், தெரிஞ்சுக்கோ."

"சொல்லாதீங்க மாமா, அது ரகசியம்."

சின்ன உறை பெட்டிக்குள் விழும்வரை அவர் கண்ணெடுக்கவில்லை. பிறகு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அந்தத் தாள் இன்னொண்ணு இருக்கா?"

அவள் கொடுத்தாள். அலோயிஸ் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்த பிறகே மடித்துப் பையில் வைத்தார்.