பச்சைப் புள்ளி இல்லாத ஆகாரம்

அம்மாவின் காரியங்களெல்லாம் முடிந்து, மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், இன்குபேட்டரைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மேல் தட்டில் அம்மா உயிரோடு இருந்தாள்.

இப்படிச் சொன்னால் கூட வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒழுங்காகவே சொல்கிறேன். புத்தூரில் ஒரு ஆய்வகத்தில் ஸ்டெம் செல் வளர்ப்பது என் வேலை. செல்களை வெறும் தட்டில் விட்டால் அப்பளம் மாதிரி தட்டையாகப் படுத்துவிடும். உடம்புக்குள் இருப்பதாக அவை நினைத்துக்கொள்ள வேண்டுமென்றால், தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் மெத்தென்ற ஓர் இடம் வேண்டும். அதுதான் ஹைட்ரோஜெல். வெந்த ஜவ்வரிசிப் பதத்தில் இருக்கும்.

போன வருஷம் அம்மாவுக்கு ஞானப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. பல்லுக்குள் இருக்கும் கூழிலும் ஸ்டெம் செல் உண்டு என்று சொன்னதும், "குப்பைல போறதுக்கு உனக்காவது உபயோகப்படட்டும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். தட்டின்மேல் பெயர் எழுத மாட்டோம், எண் மட்டும்தான். ஆனால் அந்தப் பல்லைக் குப்பியில் வாங்கிவந்தவளே நான்தான்.

நான் வராத நாட்களில் பக்கத்து மேஜைப் பெண் செல்களுக்கு ஊட்டநீரை மாற்றி வைத்திருந்தாள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தவை, இப்போது ஒன்றையொன்று எட்டித் தொட்டுக்கொண்டு ஜெல் முழுக்கப் பரவியிருந்தன. கொள்ளிடக் கரையில் தகனமாகி, அஸ்தியும் கரைத்தாயிற்று. இங்கே இவள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கிறாள்! தட்டு உடம்புச் சூட்டில் இருந்தது. கடைசியாக நான் தொட்ட அம்மா சில்லென்று இருந்தாள். சொல்வதற்கென்ன, பயந்துதான் போனேன்.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குள் நுழைந்தால், அப்பா பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மாவின் புடவைகளை எல்லாம் கொடுத்து முடித்திருந்தார்.

"இனிமே அவளோடது ஒண்ணும் பாக்கியில்ல" என்றார்.

"இருக்குப்பா" என்று வாயை விட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பல் செல்லைப் பற்றிச் சொன்னதும் பார்க்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி அவரை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தார். "இது அம்மா இல்லப்பா, வெறும் செல்" என்றேன். "தெரியும்டி" என்றார். தலையை எடுக்காமலே கேட்டார்:

"இதுக்கு ஆகாரம் என்ன?"

எனக்குப் பகீரென்றது. என் அம்மா வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். பெருமாளுக்குப் படைத்து, கண்டருளப் பண்ணாத எதையும் வாயில் வைக்கமாட்டாள். யாராவது பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு, சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளியைத் தேடுவாள். தேடிக் கண்டுபிடித்த பிறகும் தின்னமாட்டாள். காப்ஸ்யூலின் உறை ஜெலட்டின், அது மிருகத்தின் தோல் எலும்பிலிருந்து வருவது என்று தெரிந்த நாளிலிருந்து அதையும் விழுங்கமாட்டேன் என்றுவிட்டாள். கடைசி வியாதியில் தினமும் அப்பாதான் காப்ஸ்யூலைப் பிரித்து, பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். உறையைக் காகிதத்தில் சுற்றி வெளியே போட்டுவிட்டு வந்து கை அலம்புவார்.

அந்த அம்மாவின் செல்லை நான் எதில் வைத்து எதைக் கொடுத்து வளர்க்கிறேன்? இத்தனை மாதமாக ஒருநாள்கூட எனக்கு இது உறைக்கவில்லை. என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

கடற்பாசி என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லும் உண்டு. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"கன்னுக்குட்டி ரத்தத்துலேர்ந்து பிரிச்சு எடுத்த நீர்ப்பா. பொறக்காத கன்னு."

"அது இருக்கிற இடம்? அந்தக் கொழகொழப்பு?"

"ஜெலட்டின். பன்னித் தோல்லேர்ந்து எடுக்கறது."

"ஜெலட்டினா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். மேஜையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். மனுஷர் இங்கேயே விழுந்துவிடுவாரோ என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறினோம். வீட்டுக்கு வந்ததும் நேரே போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார். குளியலறையிலிருந்து சொம்புச் சத்தம் நிற்கவே இல்லை.

வெளியே வந்தவரிடம், "நிறுத்திடட்டுமாப்பா?" என்று கேட்டேன். ஈரத் தலையோடு போய்ப் படுத்துவிட்டார். சாப்பிடவில்லை. ஆசாரம் என்று வாழ்ந்து முடித்தவளை, செத்தபிறகு நான் கெடுத்துவிட்டேன் என்றுதானே நினைத்துக்கொண்டிருப்பார்? காலையில் முதல் வேலையாகத் தட்டில் பிளீச்சை ஊற்றி எல்லாவற்றையும் முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா வாசல்வரை வந்தார்.

"இன்னிக்கு அதுக்கு மாத்தணுமோ?"

"எதைப்பா?"

"அதான், அந்தக் கன்னுக்குட்டியோடது."

அவர் என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கடைசில அவளுக்கு ஒரு வாய்கூட உள்ள எறங்கலைடி. எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். பட்டினி மட்டும் போட்டுடாதே."