பதினேழாம் வினாடியில் மடங்கிய விரல்கள்

ஜெயராஜின் வலது கையை நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் அவர் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கும், இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசர் மோகன்ராஜ் தம் கைபேசியை நீட்டிக் காட்டும்வரை, அவருக்கு அது தெரியாது.

தகடு வெட்டி அறுந்துபோன இரண்டு விரல்களின் தசைநாண்களைச் சென்னை மருத்துவமனையில் 2025 பிப்ரவரி 12 அன்று தைத்தார்கள். கை மட்டும் மரத்திருந்தது, ஆள் விழித்திருந்தார். தையல் தாங்குகிறதா என்று பார்க்க, மேசையிலேயே விரலை மடக்கச் சொன்னார்கள்; மடக்கினார். "பசங்க படிக்கிறதுக்கு வீடியோ எடுத்துக்கவா?" என்று பயிற்சி மருத்துவர் பார்த்திபன் கேட்டபோது தலையாட்டியதும் உண்மைதான். வகுப்பில் நாலைந்து பேர் பார்ப்பார்கள் என்றே அவர் நினைத்தார்.

பார்த்திபன் இணையத்தில் போட்டிருந்த அந்தப் படத்தில் முகம் இல்லை. மணிக்கட்டில் பச்சை குத்திய 'பிரின்சி' என்ற மகளின் பெயர் இருந்தது. பதினேழாம் வினாடியில் விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. 'முழு இயக்கம்' என்று கீழே எழுதியிருந்தது.

"இன்னா ஜெயராஜு, டாக்டராண்ட சூப்பரா மடக்குற, இங்க வந்தா மட்டும் மக்கர் பண்றியா? லைட் டூட்டிலாம் கெடையாது. புதன்கெழமைலேர்ந்து பிரஸ்ல நில்லு. இல்லாட்டி ஊட்டுலயே இரு" என்றார் மோகன்ராஜ்.

தைத்த இடம் ஒட்டிக்கொண்டு விரல்கள் பாதியிலேயே நின்றுவிட்டதை எந்தப் படமும் காட்டவில்லை. சாப்பாட்டு டப்பாவைக்கூட மனைவி கிரேஸ்தான் திறந்து தந்தாள். அந்தக் கையோடு பிரஸ்ஸின் முன் நின்றால் மிச்ச விரல்களும் போகும்.

மே 13, செவ்வாய்க்கிழமை. வீடிருந்த ஆரம்பாக்கத்தில் ரயிலேறி மருத்துவமனைக்குப் போனார். அறுவை சிகிச்சை முடிந்து தொண்ணூறாம் நாள்.

விஷயத்தைக் கேட்ட பார்த்திபன் பதறினார். "ஐயோ, இப்பவே டெலிட் பண்ணிடறேங்க."

"அழிச்சிட்டா? அவரு போன்ல ஏத்தி வெச்சிக்கினு இருக்காரு சார். லைக்கு உங்களுக்கு, பொய்யன்ற பேரு எனக்கா? இன்னிக்கி மடங்காததையும் எடுத்துப் போடுங்க."

"அது... ஃபெயிலியர் மாதிரி தெரியும். சீனியர்லாம் பார்ப்பாங்க."

"பாக்கட்டும்! அரை நிமிஷம் மடங்குனத படிச்சிட்டுப் போற பசங்க, நாளைக்கி இன்னொருத்தன் கையில கத்தி வெப்பாங்கல்ல? அவன் கதி இன்னா?"

பார்த்திபன் அளவுகோலை எடுத்தார்; விரலை மடக்கச் சொல்லிப் படம் பிடித்தார். முடிந்தவரை மடக்கியும் நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே நான்கு சென்டிமீட்டர் இருந்தது. தேதியையும் அளவையும் எழுதி, பழைய படத்தின் கீழேயே புதியதை இணைத்தார். அது ஏறி முடியும்வரை ஜெயராஜ் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு இடது கையால் தடவித்தடவி அதை மோகன்ராஜுக்கு அனுப்பினார்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது: 'பேக்கிங்ல உக்காரு. டாக்டர் சீட்டு எடுத்துனு வா.'

ஜெயராஜுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஒரு வாரமா கையை மூஞ்சிக்கு நேரா நீட்டிக் காட்டுனேன், நம்பல. போன்ல பாத்தாதான் நம்புறாரு. எழுதுங்க சார் சீட்டு. நாலு சென்டிமீட்டர்ன்றத பெருசா எழுதுங்க."