பத்து வாளி சிக்னல்

குழாய்க்காரருக்கு அவருடைய மகள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை வாயால் சொல்ல முடியாது. கையை இறுக மூடி, ஸ்பேனரால் நட்டை முடுக்குகிற மாதிரி மணிக்கட்டை ஒரு திருகு திருக வேண்டும். காது கேளாமல் பிறந்த பிள்ளை மூன்று வயதில் தானாக வைத்த பெயர் அது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அப்பா என்றால் ஒரு திருகுதான்.

மகள் கல்யாணமாகி வெகுதூரத்தில் இருக்கிறாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு லேப்டாப் முன் உட்கார்ந்து இருவரும் கையால் பேசிக்கொள்வார்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சேதி சொன்னாள். பதினோரு மாதப் பேத்தி தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாளாம், கையால்தான். ஆனால் மகா அழுத்தக்காரி. திரையில் தாத்தா முகம் தெரிந்தால்தான் கூப்பிடுவாள், வீடியோ எடுத்து அனுப்பலாமென்றால் மசியமாட்டாள்.

அந்த ஞாயிறும் அடுத்த இரண்டு ஞாயிறும் ஒரே கதைதான். குழந்தை கையைத் தூக்கும், படம் நின்றுவிடும். தூக்கிய கையோடு பேத்தி சிலையாக இருக்க, நடுவில் ஒரு வட்டம் மட்டும் வேலைவெட்டி இல்லாமல் சுற்றும்.

குழாய்க்காரர் சும்மா இருக்கிற ஆளில்லை. வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார். பாஸ்வேர்டைப் புதிதாகப் போட்டுப் பார்த்தார். வியாழக்கிழமை வந்த இன்டர்நெட் லைன்மேன், "சிக்னல் நாலு கோடும் காட்டுது சார். லேப்டாப்புலதான் கோளாறு" என்றார். லேப்டாப் கடைக்காரர், "லைன்லதான் கோளாறு" என்றார். ஹாலில் பெட்டிக்கு அடியிலேயே உட்காரலாமென்றால் அங்கே இருட்டு. கை தெரியாவிட்டால் பேச்சே இல்லை. வெளிச்சம் படுக்கையறை ஜன்னலில்தான்.

நான்காம் ஞாயிறு ஒன்பதரைக்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "லீக்கு எங்கன்னு தெரியலைன்னா, வர்ற இடத்துலேருந்து நடந்து பார்க்கணும்" என்று லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு பெட்டியிலிருந்து நடந்தார். ஹாலில் நாலு கோடு. படுக்கையறைக்குப் போகும் நடையில் நாலு. அங்கிருந்த தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார், ஒன்று. ஒரு எட்டு பின்னால் வந்தார், நாலு. மறுபடி தாண்டினார், ஒன்று.

அது அவரே போன மாதம் நடையில் இரும்பு ஸ்டாண்டு அடித்து ஏற்றிய பிளாஸ்டிக் தொட்டி. அந்தத் தெருவுக்கு வாரம் ஒருமுறை, சனிக்கிழமை சாயங்காலம்தான் தண்ணீர். ஞாயிறு தொட்டி தளும்பும். லைன்மேன் வந்த வியாழனுக்கு அது பாதி.

அவர் தொட்டியில் கையை வைத்தார். சில்லென்றிருந்தது. நாற்பது வருஷமாகத் தண்ணீரோடு புழங்கியவர், அதன் குணமெல்லாம் தனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தார். மகள் முகத்தைச் சுமந்துகொண்டு ஏதோ ஒன்று தன் தலைக்கு மேலே, செங்கல் சுவரையே துளைத்துப் போகிறது. அதைப் பச்சைத் தண்ணீர் குடித்துவிடுகிறது! அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"இந்தா, வாளி கொண்டா!"

"என்னங்க, வாரம் பூரா வர வேண்டிய தண்ணிங்க!" என்று மனைவி பதறினாள்.

"கொட்டப் போறதில்ல. இடம் மாத்தப் போறேன்."

வாளி, குடம், அண்டா, குக்கர், கடைசியில் டம்ளர் வரை நிரம்பின. மனைவி படுக்கையறையில் லேப்டாப்பைப் பார்த்து ஏலக்காரர் மாதிரி குரல் கொடுத்தாள். நாலாவது வாளிக்கு, "ரெண்டு!" ஏழுக்கு, "மூணு!" பத்தாவது வாளியில், "நாலுங்க! நாலு!" என்று கத்தினாள். குழாயை மூடிவிட்டு அவர் கொஞ்ச நேரம் அந்த வெறும் காற்றையே அண்ணாந்து பார்த்தார்.

மணி பத்து. மகள் வந்தாள். மடியில் பேத்தி. தாத்தா முகத்தை உற்றுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். படம் நிற்கவில்லை. எலுமிச்சம்பழ அளவு கை மெதுவாகத் திரும்பியது, ஆனால் எதிர்ப்பக்கமாக.

"அடி கழுதை, நட்டைக் கழட்டுறியா?" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் விடாமல் கழற்றிக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, கண்ணுல தண்ணி?"

"லீக்குதான், விடு" என்று சொல்லிவிட்டு, அவரும் கையைத் தூக்கிப் பேத்திக்கு அதே பக்கம் திருகிக் காட்டினார்.