துரை விட்டுப்போன டெரியர்

சங்கிலியம்மாளுக்கு நாய் என்றாலே ஆகாது. புருஷனை மலைக்காய்ச்சல் கொண்டுபோன பிறகு, தேயிலை கிள்ளிக்கொண்டிருந்தவளை மேகமலைத் தோட்டத்துத் துரைசானி பங்களாவில் தரை துடைக்க வைத்துக்கொண்டாள். துரையின் டெரியர் நாயைப் பார்த்துக்கொண்டவன் ஊருக்கு ஓடிவிட, அந்த வேலையும் இவள் தலையில் விழுந்தது.

டிப்பி என்று பேர் வைத்த அந்த நாய் முழங்கால் உயரம்கூட இராது. தேங்காய் நார் போல முரட்டு மயிர். அதைக் கத்தரிக்கக் கூடாது, முற்றிய மயிரை விரலால் நோகாமல் பிடுங்க வேண்டும் என்று துரைசானி காட்டிக்கொடுத்தாள். அதட்டினால் முறைக்கும். அடித்தால் அன்றைக்குச் சோறு தொடாது. எலி வளையைக் கண்டுவிட்டாலோ யார் கூப்பிட்டும் வராது. மூக்கில் ரத்தம் கசியக் கசிய மண்ணைப் பறிக்கும். வாயில் பிடித்ததை விடாது.

சீமையில் சண்டை வந்ததும் துரை பட்டாளத்துக்குப் போனார். துரைசானி கப்பலேறினாள். நாயைச் சுட்டுவிடலாம் என்று பங்களாவில் பேச்சு வந்தபோது, "நான் கொண்டுட்டுப் போறேன்" என்றாள் சங்கிலியம்மாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சின்னமனூரில் அண்ணன் ஒச்சாண்டி வீட்டில் தங்கினாள். கீழ்நாட்டு வெயில் தாங்காமல் நாய் இளைத்தது. தினமும் வாய்க்காலில் முக்கி எடுத்தாள். வரப்பில் பெருச்சாளி பிடித்துக் கொன்றபோது ஊர் மெச்சியது. தோண்டிய வரப்பு உடைந்து வயல் தண்ணீர் வடிந்தபோது அதே ஊர் ஏசியது.

கதிரறுப்பு நேரத்தில் வெறிநரி ஒன்று பட்டப்பகலில் களத்துக்குள் வந்தது. எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டிப்பி மட்டும் நேரே போய் அதன் கழுத்தைக் கவ்வியது. ஆட்கள் திரும்பி வந்து நரியை அடித்துக் கொன்ற பிறகும் நாயின் பிடி தளரவில்லை. சங்கிலியம்மாள்தான் வாயைப் பிளந்து பிரித்தெடுத்தாள். நாயின் உதடு கிழிந்திருந்தது. அவள் விரல்களிலோ கதிர் அறுத்தபோது அரிவாள் கீறிய புண்கள்.

"ஆத்தா, நாய்க்கும் வெறி புடிச்சிரும், இப்பவே அடிச்சுப் போட்டுருவோம்" என்றான் ஒச்சாண்டி தங்கையிடம்.

"அது இல்லாட்டி அங்கன நின்ன புள்ளைகளுக்கு என்ன ஆயிருக்கும்ணே? கட்டிப்போட்டுப் பாப்போம்."

மாட்டுக் கொட்டத்தில் சங்கிலியால் கட்டினாள். சில வாரங்கள் நன்றாகத்தான் தின்றது. பிறகு வெளிச்சத்தைக் கண்டால் மூலைக்குப் போனது. கஞ்சியைத் தொடவில்லை. கட்டுத்தறியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டது. அவள் குரல் கேட்டு வாலாட்டும். அடுத்த நொடியே அவள்மேல் பாயும்.

"அண்ணே, முடிச்சிரு" என்றாள் அவள். "நான் இங்கனயே நிக்கிறேன். அது என்னையப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

ஒச்சாண்டி பின்பக்கமாக வந்து கடப்பாரையை ஓங்கினான். ஒரே அடியில் உயிர் போகவில்லை. அவள் கண்ணை மூடவில்லை.

விரல் புண்ணில் நாயின் எச்சில் பட்டதற்காக மதுரை ஆஸ்பத்திரியில் அவளுக்கு வயிற்றில் ஊசி போட்டார்கள். பிழைத்து வந்தாள். ஆனால் ஊர் நம்பவில்லை. "எப்ப வெறி ஏறுமோ" என்று பெண்கள் கிணற்றடியில் விலகினார்கள். எந்தப் பிள்ளைகளை நாய் காப்பாற்றியதோ அந்தப் பிள்ளைகளே அவளைக் கண்டு குரைத்துக் காட்டின. அண்ணன் மனைவி சிரட்டையில் கஞ்சியை ஊற்றி எட்ட வைத்தாள். ஒருநாள் காலையில் அந்தக் கஞ்சியைக் குடிக்காமலே மேகமலைக்குத் திரும்பினாள் சங்கிலியம்மாள்.

சண்டை முடிந்து தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். இந்த ஜாதி நாயை வளர்க்கத் தெரிந்தவள் என்று கேள்விப்பட்டு, புதுத் துரைசானி ஒரு குட்டியை அவள் கையில் கொடுத்தாள். அது அவள் விரலைக் கவ்வி இழுத்தது.

சங்கிலியம்மாள் குட்டியை மெல்லத் தரையில் இறக்கினாள்.

"வேணாம் தொரைசானி. எனக்கு இலை கிள்ள ஒரு கூடை குடுங்க, போதும்."